தெருவிலிருந்து தெரிகிற வரை: சார்ல்ஸ்டன் நாட்குறிப்பு

செவ்வாய்

அமெரிக்காவின் தென் கரோலினாவில் இருக்கும் சார்ல்ஸ்டனுக்கு வருகிறவர்கள் கடற்கரை, குதிரை வண்டி, இறால் போட்ட சோளக்கஞ்சி என்று ஒரு பட்டியலோடு வருவார்கள். நான் பார்க்க வந்தது ஒரு கமிட்டிக் கூட்டத்தை. மகளிடம் சொன்னதும், "ஏம்ப்பா, ரிட்டயர் ஆனப்புறமும் பிளான் அப்ரூவலா?" என்று சிரித்தாள். வேலைக்காலம் முழுக்க நகராட்சியில் டவுன் பிளானிங் பிரிவில் குப்பை கொட்டியவனுக்கு வேறு என்ன தோன்றும்? பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்று தனியாக எல்லை வகுத்து, சட்டம் போட்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியமும் வைத்த முதல் அமெரிக்க நகரம் இதுதான், 1931ல். நியூ ஆர்லியன்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம். வாரியத்தின் முழுப்பெயர் போர்டு ஆஃப் ஆர்க்கிடெக்சுரல் ரெவ்யூ. பி.ஏ.ஆர். என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும், பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் வயிற்றையும் கலக்கும்.

மாப்பிள்ளை காலையில் மீட்டிங் ஸ்ட்ரீட்டில் இறக்கிவிட்டு, "மாமா, வெயில் ஏறுவதற்குள் பிராட் ஸ்ட்ரீட்டுக்குத் தெற்கே நடந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். இரண்டு ஆறுகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பத்தின் தென்கோடி அது. பழைய ஊர் அங்கேதான் ஆரம்பம்.

இந்த ஊருக்கென்றே ஒரு வீட்டு அமைப்பு இருக்கிறது, சிங்கிள் ஹவுஸ் என்பார்கள். அகலத்தில் ஒரே ஒரு அறைதான், நீளமெல்லாம் மனையின் உள்பக்கமாக ஓடும், தெருவுக்கு ஒடுக்கமான பக்கத்தைத்தான் காட்டும். ஒரு பக்கவாட்டில், பெரும்பாலும் தெற்கு அல்லது மேற்கு பார்த்து, மாடிக்கு மாடி நீளமான தாழ்வாரம். அதன் பெயர் பியாஸா. தெருவைப் பார்த்து கம்பீரமாக ஒரு கதவு இருக்கும், திறந்தால் நீங்கள் போய் நிற்பது வீட்டுக்குள் அல்ல, தாழ்வாரத்தில். அங்கே பாதி தூரம் நடந்தால்தான் உண்மையான வாசல். கடற்காற்றுக்கும் நிழலுக்கும் ஏற்ற அமைப்பு. தெரு அகலத்துக்கு வரி போட்டார்களாம், அதனால்தான் ஒடுக்கிக் கட்டினார்களாம் என்று வண்டிக்காரர்கள் பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டு போவது காதில் விழுந்தது. அதற்கு ஆதாரம் இல்லை என்று வரலாற்றுக்காரர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். நம் விதிப்படி பார்த்தால் ஒரு வீடும் தேறாது. முன்பக்கம் தெருவோடு ஒட்டல், ஒரு பக்கம் அடுத்தவர் மனையோடு ஒட்டல். என் கையில் பிளான் வந்திருந்தால் சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன், ஊரின் அழகும் அதோடு போயிருக்கும்.

சுவர்களில் வட்ட வட்டமாக இரும்புத் தட்டுகள். சிலவற்றில் நட்சத்திரம், சிலவற்றில் சிங்க முகம். அலங்காரம் என்றுதான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். 1886 ஆகஸ்ட் 31 இரவு இங்கே பெரிய நிலநடுக்கம் வந்து, செங்கல் வீடுகள் வாய் பிளந்தன. பிறகு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை மாடித் தளத்தினூடாக நீளக் கம்பி கொடுத்து, இரண்டு முனையிலும் தட்டு வைத்து நட்டுப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். இன்னொரு நடுக்கம் வந்தால் இது தாங்குமா என்பதில் பொறியாளர்களுக்கே சந்தேகம் உண்டு. அதற்காக அந்தத் தட்டை இன்று இஷ்டத்துக்குக் கழற்றிவிட முடியாது, அதுவும் வெளித்தோற்றத்தில் சேர்த்தி.

வெளித்தோற்றம் என்பதுதான் இங்கே மந்திரம். தெருவிலிருந்தோ வேறு பொது இடத்திலிருந்தோ கண்ணுக்குத் தெரிகிற எதை மாற்றினாலும் அனுமதி வேண்டும்: பெயின்ட் நிறம், ஜன்னல், கூரை, வேலி, கேட். வீட்டுக்குள்ளே என்ன செய்தாலும் வாரியம் தலையிடாது. மாடிப்படியைப் பிடுங்கி எறிந்தாலும் சரி, நூறு வருட மரச் சுவர்ப்பலகையைக் கழற்றி விற்றாலும் சரி. வரலாற்றுக்குத் தெருவோரம் வரைக்கும்தான் செல்லுபடியா என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

புதன்

1931ல் ஏன் திடீரென்று இந்த ஞானம் வந்தது? காரணம் இரண்டு: ஒன்று கார், இன்னொன்று மியூசியம்.

காரை முதலில் சொல்கிறேன். மீட்டிங் ஸ்ட்ரீட் 350ல் ஜோசப் மேனிகோ வீடு இருக்கிறது, 1803ல் கட்டியது. உள்ளே வளைந்து ஏறும் மாடிப்படி ஒன்றைப் பார்ப்பதற்கே டிக்கெட் வாங்கலாம். 1920ல் இதை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட் என்ற பெண்மணி ஊரில் நாலு பேரைக் கூட்டிச் சங்கம் ஆரம்பித்தார். ரியல் எஸ்டேட் தொழில் செய்தவர், பெண்கள் வாக்குரிமைக்காகவும் நின்றவர். அந்தச் சங்கம்தான் இன்றைய பிரிசர்வேஷன் சொசைட்டி. வீட்டைக் காப்பாற்றினார்கள், தோட்டத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி அதை வாங்கி பெட்ரோல் பங்க் போட்டது. தோட்டத்து நுழைவாயிலில் கோயில் மாதிரி ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது, அதுதான் பங்கின் கழிப்பறையாக இருந்ததாம். 1933ல் சார்ல்ஸ்டன் மியூசியம் எடுத்துக்கொண்ட பிறகுதான் அதற்கு விமோசனம்.

ஜோசப்பின் அண்ணன் கேப்ரியல். இந்த வீட்டுக்கு வரைபடம் போட்டவரே அவர்தான். அவர் பெயரில் இருந்த வீடு தப்பவில்லை, அதுவும் பெட்ரோல் பங்குக்காகவே போனது. அதை இடித்தபோது எடுத்த தூண்களையும் மற்ற சாமான்களையும் வைத்து மீட்டிங் ஸ்ட்ரீட் 108ல் இன்னொரு பங்கை, பழைய பாணியில், ஊர்க் கண்ணை உறுத்தாத மாதிரி கட்டினார்கள். வரைந்தவர் ஆல்பர்ட் சைமன்ஸ், அந்தக் காலத்துக் காப்பாளர்களில் முக்கியமான கட்டடக்கலைஞர். இப்போது அது பழைய கட்டடங்களைக் காக்கும் இன்னொரு அமைப்பான ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் ஃபவுண்டேஷனின் கடை. உள்ளே போய் மகளுக்கு ஒரு காபிக் கோப்பை வாங்கினேன். பெட்ரோல் போட்ட இடத்தில் பீங்கான் விற்கிறார்கள், தூண்கள் மட்டும் முன்பு வேறொருவர் வீட்டைத் தாங்கியவை. பாதுகாப்பு என்று இதைச் சொல்வதா, ஆறுதல் பரிசு என்பதா என்று எனக்குப் புரியவில்லை.

மியூசியம் விஷயம் இன்னும் சுவாரசியம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஊர் நொடித்துப் போனது. வெள்ளையடிக்கக்கூடக் காசில்லாத பெரிய வீடுகள், உள்ளே மட்டும் பதினெட்டாம் நூற்றாண்டு மரவேலைப்பாடு. 1920களில் வெளியூர் பணக்காரர்களும் மியூசியங்களும் வந்து சுவர்ப்பலகை, கணப்படுப்பின் முகப்பு, இரும்பு பால்கனி என்று கழற்றிக்கொண்டு போனார்கள். டிராட் ஸ்ட்ரீட்டில் கர்னல் ஜான் ஸ்டூவர்ட் வீட்டின் இரண்டு அறைகளின் மரவேலை மொத்தமும் இன்று மினியாபொலிஸ் மியூசியத்தில் இருக்கிறது, வீடு மட்டும் இங்கே. நேரே போய் நின்று பார்த்தேன். வெளியிலிருந்து ஒரு குறையும் தெரியாது, தெரிய நியாயமும் இல்லை.

1931 அக்டோபரில் சட்டம் வந்தது, இருபத்துச் சொச்சம் தெருக்கட்டங்களுக்கு மட்டும். முதலில் புதிதாகக் கட்டுவதையும் வெளித்தோற்றத்தை மாற்றுவதையும் பார்க்கத்தான் அதிகாரம். இடிக்காதே என்று சொல்கிற அதிகாரம் கேட்டுக் கேட்டு பல வருடம் கழித்து வாங்கியது. வாரியம் வந்தும் அறைகளைக் கழற்றி விற்பதை அது தடுக்கவில்லை, இன்றும் தடுக்காது. அதற்கு வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: ஃபவுண்டேஷனோடு வீட்டுக்காரர் தானாக ஒரு பத்திரம் எழுதிக்கொடுக்கலாம், நானும் எனக்குப் பின் வருகிறவரும் இன்ன இன்னதை மாற்ற மாட்டோம் என்று. உள்வேலையையும் அதில் சேர்க்கலாம். வீடு கை மாறினாலும் பத்திரம் கூடவே போகும். நம் ஊர் வில்லங்கச் சான்றில் இப்படி ஒரு நல்ல வில்லங்கம் வந்து நான் பார்த்ததில்லை.

மத்தியானம் ரெயின்போ ரோ. கிழக்கு பே ஸ்ட்ரீட்டில் வரிசையாக 13 வீடுகள், ரோஸ், மஞ்சள், இளநீலம். கீழே கடை, மேலே வீடு என்று வியாபாரிகள் கட்டியது. பிறகு இடிபாடாகக் கிடந்ததை ஃப்ராஸ்ட் அம்மையார் சிலவற்றை வாங்கிப்போட்டார், சரிசெய்யப் பணமில்லை. 1931ல் டோரதி லெக் என்பவர் ஒன்றை வாங்கி ரோஸ் நிறம் அடித்தார், மற்றவர்களும் ஆளுக்கொரு நிறம் அடித்தார்கள். அதாவது நாம் பழமை என்று படம் எடுக்கும் நிறங்கள் வாரியத்துக்குச் சம வயது. அங்கிருந்து சர்ச் ஸ்ட்ரீட் 89-91க்கு நடந்தால் கேபேஜ் ரோ. ஜன்னல் திண்டில் முட்டைகோஸ் வைத்து விற்ற கறுப்பினக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1920களின் முடிவில் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள், அந்தக் குடும்பங்கள் வெளியேறின. பக்கத்து வீட்டில் 1791ல் ஜார்ஜ் வாஷிங்டன் தங்கினார் என்று சொல்ல வழிகாட்டிகள் நிற்கிறார்கள், இந்த வாசலில் அதிகம் நிற்பதில்லை.

இரவு மகள் ஒரு கடிதத்தைக் காட்டினாள். அவர்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து. வீட்டு முன்பக்கத்தில் துணி காயப்போட்டது தெருவிலிருந்து தெரிகிறதாம். வீடு கட்டிப் பத்து வருடம்கூட ஆகவில்லை. காயப்போட்டது என் வேட்டி.

வியாழன்

கூட்டம் சாயங்காலம் நாலரைக்கு. காலையில் ஒரு வீட்டில் சுவர் பூச்சு வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கொத்தனார் என்னை விரட்டவில்லை. இந்த ஊர்ச் செங்கல் பழைய காலத்தில் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அடிமைகள் அறுத்துச் சுட்டது, மெத்தென்று இருக்கும், ஈரத்தை உறிஞ்சும். அதற்கு ஏற்றது சுண்ணாம்புக் காரை. உறிஞ்சிய ஈரம் காரை வழியாக வெளியே போய்விடும். இருபதாம் நூற்றாண்டில் யாரோ நல்லெண்ணத்தோடு சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் இறுகிக்கொள்ளும், ஈரம் செங்கலுக்குள்ளேயே தங்கும், கடல் உப்பும் சேர்ந்து செங்கல் முகம் பொரிந்து மாவாக உதிரும். அந்தக் கொத்தனார் ஒரு செங்கலை நகத்தால் சுரண்டிக் காட்டினார், செம்மண் கொட்டியது. பக்கத்துச் செங்கல் நன்றாக இருந்தது. அதில் மூன்று பள்ளங்கள், வரிசையாக, சின்னதாக. ஈர மண்ணில் யாரோ எடுத்து வைத்த விரல். என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. பெரியவர் கை இல்லை அது. அடிமைக் குழந்தைகள் செங்கலைத் திருப்பிக் காயவைப்பார்கள், அந்தத் தடம் ஊரில் இன்னும் பல சுவர்களில் இருக்கிறது. புதுப்பூச்சு அதன் மேல் வருமா என்று கேட்டேன். வரும் என்றார்.

கூட்டம் ஜார்ஜ் ஸ்ட்ரீட் 2ல், கெய்லார்ட் சென்டர் வளாகத்தில், நகர அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், பெயரைச் சொல்லிவிட்டுப் பேசலாம். எனக்கு முதலில் ஆச்சரியம் அதுதான். நம் பக்கம் பிளான் என்பது விண்ணப்பதாரருக்கும் மேஜைக்கும் நடுவே உள்ள விஷயம், மூன்றாம் ஆள் எட்டிப் பார்த்தால் "உங்களுக்கு என்ன சார் வேணும்?" இங்கே எந்த வீட்டுக்கு விண்ணப்பம் வந்தாலும் அந்த வாசலில் அறிவிப்புப் பலகை நடுகிறார்கள், வரைபடம் இணையத்தில் ஏறுகிறது.

வாரியமே இப்போது இரண்டு. பெரிய கட்டடங்களுக்கு ஒன்று, சின்னவற்றுக்கு ஒன்று. 2015 வாக்கில் ஹோட்டலும் அடுக்குமாடியும் வந்து குவிந்தபோது ஆண்ட்ரெஸ் டுவானி என்ற நகரமைப்பாளரைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள், பிறகு பிரித்தார்கள். நான் போனது சின்னதுக்கு. உறுப்பினர்களுக்குச் சம்பளம் இல்லை. சில்லறைப் பழுது, நிறம் போன்றவற்றை அலுவலர்களே மேஜையில் முடித்துவிடுகிறார்கள், சிக்கலானதுதான் மேடைக்கு வரும். பெரிய வேலை என்றால் கருத்தளவில் ஒரு முறை, முதற்கட்டம் ஒரு முறை, இறுதியாக ஒரு முறை என்று படிப்படியாக. அதோடு முடியாது, கட்டுமான இடத்தில் மாதிரிச் சுவர் ஒன்று எழுப்பிக் காட்ட வேண்டும், செங்கல், இணைப்புக் காரை, ஜன்னல் ஓரம் எல்லாம் வைத்து. காகிதத்தில் ஒன்று, கட்டும்போது ஒன்று என்ற வித்தையை நானும் ஆயிரம் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரிச் சுவர் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

முதல் விண்ணப்பம் ஜன்னல். பழைய மரஜன்னல்கள் வேண்டாம், புதிது போட வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். அலுவலர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடிச்சட்டம் மட்டும்தான் உளுத்திருக்கிறது, மற்றது பழைய காட்டுப் பைன் வைரம், இன்று காசு கொடுத்தாலும் கிடைக்காது, அடியை வெட்டி ஒட்டுப் போட்டால் போதும் என்கிறார். வீட்டுக்காரருக்குக் கரண்ட் பில் கவலை. பத்து நிமிடத்தில் ஒத்திவைத்துவிட்டார்கள். ஒத்திவைப்புதான் இங்கே அதிகம் விழும் தீர்ப்பு. மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, திருத்திக்கொண்டு வா என்பது. நம் ஊரில் அதற்குக் குறிப்பாணை என்று பெயர், இங்கே அதையே எல்லோர் முன்னாலும் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, பின்பக்க மொட்டைமாடியில் கைப்பிடியோடு ஒரு தளம். இதில்தான் கூட்டம் சூடு பிடித்தது. கைப்பிடி தெருவிலிருந்து தெரியுமா தெரியாதா என்பதே கேள்வி. ஆர்க்கிடெக்ட் முன்தெருவிலிருந்து எடுத்த படங்களைக் காட்டினார், தெரியவில்லை. ஒரு அம்மாள் எழுந்து, குறுக்குத் தெரு முனையிலிருந்து பாருங்கள் என்றார். அங்கிருந்து எடுத்த படமும் இருந்தது, பக்கத்து வீட்டு மரம் மறைக்கிறது. "இலை உதிர்ந்த பிறகு?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். மரம் தனியார் சொத்து, நாளைக்கே வெட்டலாம், அதை நம்பி அனுமதி கொடுப்பதா என்று இன்னொருவர். கடைசியில் கைப்பிடியைச் சுவரிலிருந்து உள்ளே தள்ளிப் போடு என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். சிரிப்பாக இருந்தாலும் விதியைக் கையில் வைத்திருப்பவனுக்கு வேறு வழியில்லை. தெரிவதை மட்டும் பார் என்று சட்டம் சொன்னால் தெரிவது எது என்றுதான் மணிக்கணக்கில் அடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஊரின் வடபகுதியில் ஒரு சின்ன ஒற்றைத்தள மரவீட்டை இடிக்க விண்ணப்பம். தூண், வேலைப்பாடு எதுவும் இல்லாத, இரண்டு மூன்று அறை வீடு. அடிமை ஒழிப்புக்குப் பிந்தைய காலத்தில் உழைப்பாளிக் குடும்பங்கள் குடியிருந்த இந்த வகைச் சின்ன வீடுகள் கொஞ்சம்தான் மிச்சம். கரையான் அறிக்கையைக் காட்டினார் பொறியாளர். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், வயதான கறுப்பினத்தவர், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, இந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கட்டடத்தைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். அவர் சொன்னதெல்லாம் கட்டடத்தைப் பற்றி இல்லை என்பதுபோல. அனுமதி மறுக்கப்பட்டது, வீடு தப்பியது. உள்ளே இப்போது யாரும் இல்லை. விற்பனைக்கு வந்தால் வாங்குகிறவர் வெளியே அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே வாரக் கடைசி விடுதி மாதிரி ஆக்கிக்கொள்ளலாம்.

வெள்ளி

நேற்று உட்கார்ந்திருந்த இடத்தைப் பற்றி இன்று தெரிந்துகொண்டேன். கெய்லார்ட் அரங்கம் கட்ட 1960களில் அன்சன்பரோ பக்கம் சில தெருக்கட்டங்களை அப்படியே இடித்துத் தள்ளினார்கள். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சில வீடுகளை மட்டும் பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பாதுகாப்பு வாரியம் கூடுகிற கட்டடம் நிற்பது அந்த நிலத்தில்.

அதே அன்சன்பரோவின் மீதிப் பகுதியில்தான் ஃபவுண்டேஷன் 1950களின் கடைசியில் தன் சுழல்நிதியை ஆரம்பித்தது: சிதைந்த வீட்டை வாங்கு, கூரை ஒழுகாமல் செய், பத்திரத்தில் நிபந்தனை எழுதி விற்றுவிடு, அந்தப் பணத்தில் அடுத்த வீடு. அறுபது வீட்டுக்கு மேல் காப்பாற்றிய திட்டம், நாடு முழுக்கப் பார்த்துச் செய்தார்கள். இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் ஒரு செங்கல்கூடக் கோணலாக இல்லை. அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் திரும்பி வரவில்லை. 1980ல் தீபகற்பத்தில் பெரும்பான்மை கறுப்பினத்தவர், இப்போது அவர்கள் சிறுபான்மை. இதற்கு வாரியம் மட்டும் காரணம் என்று சொல்வது அநியாயம். ஊருக்குக் குறுக்கே போட்ட நெடுஞ்சாலை, 1989ல் ஹியூகோ புயல், அதன் பிறகு கொட்டிய சுற்றுலாப் பணம் எல்லாம் உண்டு. ஆனால் வீட்டைக் காப்பாற்றினால் விலை ஏறும், விலை ஏறினால் வரியும் வாடகையும் ஏறும் என்பது எந்த டவுன் பிளானிங் ஆளுக்கும் தெரியும்.

எலிசபெத் ஸ்ட்ரீட் 48, எய்க்கன்-ரெட் வீடு. ஆளுநராக இருந்த வில்லியம் எய்க்கன் குடும்பத்துச் சொத்து. இங்கே புதுப்பிக்கவில்லை, கிடைத்தபடியே வைத்திருக்கிறார்கள்; மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வதோடு சரி. காகிதம் கிழிந்து தொங்கும் சுவர், கறுத்த கண்ணாடி. முன்கூடத்தை விட்டுவிட்டு நேரே பின்கட்டுக்குப் போனேன். உயர்ந்த மதில், நடுவே முற்றம், இரண்டு பக்கமும் கட்டடம்: கீழே சமையலறை, துணி துவைக்கும் இடம், வண்டிக் கொட்டகை, மேலே அடிமைகள் படுத்த அறைகள். சின்னச் சின்ன அறை, சிலவற்றில் கணப்படுப்பு உண்டு. ஓர் அறைச் சுவரில் பழைய நீலத்தின் மிச்சம். ஜன்னலில் நின்று பார்த்தால் முற்றமும் எஜமானர் வீட்டின் முதுகும் தெரிகின்றன. ஊரில் நான் பார்த்ததிலேயே முக்கியமான இடம் இதுதான், தெருவிலிருந்து பார்த்தால் மதில் மட்டும்தான் தெரியும். வாரியத்தின் விதியில் இது தப்பியிருக்கவே முடியாது, தனியாக ஒரு அமைப்பு வாங்கி வைத்ததால் தப்பியது.

அப்புறம் கேட்டுகள். பிலிப் சிம்மன்ஸ் என்ற கறுப்பினக் கொல்லர், 1912ல் பிறந்தவர். அடிமையாகப் பிறந்த ஒரு கொல்லரிடம் தொழில் கற்று, ஐந்நூறுக்கு மேல் கேட்டும் கிராதியும் அடித்துக் கொடுத்தவர், 2009ல் இறந்தார். 1982ல் அவருக்குத் தேசிய விருது கொடுத்தார்கள். கிழக்கு பே ஸ்ட்ரீட்டில் கேட்ஸ்டன் வீட்டுக் கேட்டில் அவர் அடித்த கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கிறது, கண் உட்பட இரும்பு. பழைய கேட் பழுதானால் அதே மாதிரி செய் என்று வாரியம் எளிதாகச் சொல்லிவிடும், செய்வதற்கு இந்தக் கை வேண்டாமா? ஹியூகோ புயலில் கூரையும் பூச்சும் போனபோது சரிசெய்ய ஊரில் ஆளே இல்லை. அந்த அடியில்தான் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் த பில்டிங் ஆர்ட்ஸ் பிறந்தது. கல் தச்சு, மரத் தச்சு, சுண்ணாம்பு வேலை, இரும்பு வேலை நாலு வருடப் பட்டப்படிப்பாக. பழைய டிராம் கொட்டகை ஒன்றில் நடக்கிறது. வெளியிலிருந்துதான் பார்த்தேன், சுத்தியல் சத்தம் கேட்டது.

சனி

மழை இல்லை, பளீரென்று வெயில், ஆனால் தெருவில் கணுக்கால் தண்ணீர். அக்டோபர் பெருக்கு, கடல் ஏறும்போது மழைநீர் வடிகால் வழியாகவே ஊருக்குள் வந்துவிடுகிறது. மாப்பிள்ளை காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, "உப்புத் தண்ணி மாமா, அடியெல்லாம் துரு பிடிச்சிடும்" என்றார். வீட்டுச் சுவருக்கும் அதே கதி என்றேன்.

2015, 2016, 2017 என்று தொடர்ந்து மூன்று வருடம் வெள்ளம். அதற்கு முன் வீட்டைத் தூக்குகிறேன் என்று வந்தால் வாரியம் முகம் சுளிக்கும், தெருவின் அளவுகோலே மாறிவிடும் என்று. வெள்ளத்துக்குப் பிறகு மனம் மாறினார்கள், 2019ல் எப்படித் தூக்கலாம் என்பதற்கு வழிகாட்டி நெறிகளும் போட்டார்கள். இன்று ஒன்றைப் பார்த்தேன். அடியில் இரும்பு உத்திரங்களைச் செருகி, எல்லா ஜாக்கியும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஏறும்படி ஒரு இயந்திரத்தோடு இணைத்து, மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, முழு வீடும் அந்தரத்தில் நிற்கிறது, தாழ்வாரம், புகைபோக்கி எல்லாமாக. சென்னையில் ஹரியானா ஆட்கள் ஜாக்கி வைத்து வீடு தூக்குவதை நானே போய்ப் பார்த்திருக்கிறேன், அங்கே தெரு மட்டம் ஏறி வீடு பள்ளமாகிறது, இங்கே கடல் ஏறுகிறது. வேலை ஒன்றுதான்.

தூக்கின பிறகுதான் வாரியத்துக்கு வேலை. புதுப் பேஸ்மட்டம் மொட்டைச் சுவராக நிற்கக் கூடாது, செங்கல் எது, நடுவே காற்றுப் போகும் இடைவெளி எப்படி, படிக்கட்டு எங்கே இறங்கும்? முன்னால் மூன்று படி ஏறித் தாழ்வாரக் கதவைத் திறந்தார்கள், இனி பத்துப் பன்னிரண்டு படி வேண்டும், அதற்கு நடைபாதையில் இடமில்லை. அதனால் கதவுக்கு உள்பக்கம் படியை வைக்கச் சொல்கிறார்கள். தெருக்கதவு பழைய மட்டத்திலேயே நிற்கும், திறந்தால் படி. அந்த யோசனை யாருடையதோ, கையெடுத்துக் கும்பிடலாம்.

பக்கத்து வீடு தூக்கவில்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், தூக்க ஆகும் செலவில் வெளியே இன்னொரு வீடு வாங்கிவிடலாம் என்றார். அவருக்குத் தூக்கிய வீட்டின் மீது கோபமும் இல்லை, தன் தாழ்வாரத்துக்குக் கிடைத்த காற்று குறைந்துவிடுமோ என்றுதான் கவலை. இதைக் கூட்டத்தில் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னாராம், காற்று அவர்கள் பார்க்கிற பட்டியலில் இல்லையாம்.

அந்த ஜன்னல்காரர் திருத்திய வரைபடத்தோடு அடுத்த கூட்டத்துக்கு வரலாம், ஒட்டுப் போட ஒப்புக்கொள்வாரா என்று தெரிய ஆசை. நகராட்சி யூடியூபில் நேரலை போடுகிறது. அதற்குள் நான் ஊருக்குப் போயிருப்பேன். நம் நேரத்துக்கு அதிகாலை இரண்டு மணி, வீட்டில் இப்போதே சொல்லிவைக்க வேண்டும்.